நின்ற இடத்தில் அறுபது

ஒரு வாகனத்துக்கு வேகமானி இன்றியமையாதது. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டும் உஷாராணிக்கு மட்டும் பல வருடமாக அது இல்லாமலே காரியம் நடந்துகொண்டிருந்தது என்றால், அது அவளுடைய கெட்டிக்காரத்தனம். சட்டத்தைக் குறை சொல்லக் கூடாது.

அவள் வேனில் மீட்டர் ஊசி விருந்து சாப்பிட்ட மாமனார் மாதிரி பூஜ்யத்தில் படுத்துவிட்டது. எழுப்பப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை. போனால் போகிறதென்று காதாலேயே வேகம் பார்க்கப் பழகிக்கொண்டாள். ஜன்னல் கண்ணாடி கடகடத்தால் ஐம்பது. கதவும் கூடச் சேர்ந்து பாடினால் எழுபது. அதற்கு மேல் அவள் போனதில்லை என்பது அவளுடைய நம்பிக்கை.

இந்த வருடம் பரிசோதனை நிலையத்துக்குப் புது அதிகாரி வந்திருந்தார். பெயர் குரு. சட்டையில் மடிப்புக் கலையாத மனிதர். ஊசியை உற்றுப் பார்த்தார். கண்ணாடியை விரலால் தட்டினார். நாடி பார்த்த வைத்தியர் போல உதட்டைப் பிதுக்கினார்.

"மீட்டர் ஓடலையேக்கா. ஃபெயில்."

"ஐயோ சார்! திங்கக்கிழமை ஸ்கூல் தொறக்குது. வேன் ஓடலன்னா பிள்ளைங்கள ரிஷி அள்ளிட்டுப் போயிருவான்."

ரிஷி அவள் குடியிருக்கும் தாமான் குடியிருப்பிலேயே புது வேன் வாங்கியிருப்பவன். ஏர்கோன், டிவி, கதவுக்குக் கதவு பலூன். அதைப் பார்க்கும்போதெல்லாம் தாய்மார்கள் பெருமூச்சு விட்டார்கள். உஷாராணிக்கு இருந்ததெல்லாம் இந்த ஓட்டை வேன் ஒன்றுதான். புருஷன் சபாபதிக்கு முதுகு போனதிலிருந்து வீட்டுச் சோறே அதில்தான் வந்தது.

"உங்கள் கோரிக்கை பரிவுடன் பரிசீலிக்கப்பட்டது" என்றார் குரு, ஒரு கண் சிமிட்டும் நேரத்தில் பரிசீலித்து முடித்து. "மாத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள வாங்க. இல்லாட்டி பெர்மிட் கிடையாது."

மாற்றுவதாம்! அந்த வேனைச் செய்த கம்பெனிக்கே அதைச் செய்தது மறந்துபோயிருந்தது. மேருவில் பழைய சாமான் கடைக்காரன், "இந்த மாடல் மீட்டரா? மியூசியத்துல கேட்டுப் பாருங்க லா" என்றான். பந்திங்கில் ஒருவன் லோரி மீட்டர் ஒன்றைத் துடைத்துக் கொடுத்தான். அதை மாட்டினால், வீட்டு கேட்டைத் தாண்டுவதற்குள் தொண்ணூறு காட்டியது.

கடைசியில் மெக்கானிக் குகன்தான் வழி சொன்னான்.

"ஜி.பி.எஸ். மீட்டர் போடுவோம் உஷாக்கா. சின்னப் பெட்டி. கேபிள் வேணாம், ஒண்ணும் வேணாம். மேல சேட்டிலைட் பார்த்து வேகத்தைச் சொல்லிரும்."

"என் வேனையா? அம்புட்டு ஒசரத்துலேருந்தா?"

"துருவெல்லாம் தெரியாதுக்கா, பயப்படாதீங்க."

சூடம் காட்டி, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பெட்டியைப் பொருத்தினார்கள். நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல்லுக்குக் கல் குகன் நேரம் பிடித்துப் பார்த்தான். அச்சு அசல் கணக்கு! ஆனால் உஷாராணிக்கு முகம் வெளுத்துவிட்டது. கண்ணாடி கடகடத்தபோது பெட்டி காட்டியது எழுபது. கதவு பாடியபோது தொண்ணூறு.

"அடியாத்தி! பிள்ளைங்கள வச்சுக்கிட்டா இவ்வளவு நாள் இப்படிப் பறந்தேன்?" வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் சாமியைக் கூப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை குரு பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"சேட்டிலைட்டா? யாரோட சேட்டிலைட்?"

"தெரியல சார். ஆனா சரியாச் சொல்லுது."

"சரியாச் சொல்றது வேற, முறையாச் சொல்றது வேற. பார்த்துருவோம்."

வேனின் பின்சக்கரங்களை உருளைகளின் மேல் ஏற்றினார்கள். நிலையத்தின் பெருமை அந்த இயந்திரம். சக்கரம் சுழலும், வண்டி நகராது. உஷாராணி மிதித்தாள். சக்கரம் சீறியது. இயந்திரம் அறுபது என்றது. பெட்டி பூஜ்யம் என்றது.

"பார்த்தீங்களா? அறுபதுல போறப்போ பூஜ்யம் காட்டுது. ஃபெயில்."

"வண்டி நிக்குதே சார்!"

"சக்கரம் சுத்துதே."

"சுத்துது, ஆனா போகலையே! அந்த எதிர்ச் சுவரு முன்னாடியும் அங்கதான் இருந்துச்சு, இப்பவும் அங்கதான் இருக்கு."

"அக்கா, எங்க பதிவுப்படி உங்க வண்டி இப்ப நின்ற இடத்துல அறுபதுல போயிட்டிருக்கு. பதிவை நம்புறதா, கண்ணை நம்புறதா?"

உஷாராணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குருவுக்கும் கல் மனசில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"இத பாருங்க. விதி கேட்கிறது ஒண்ணே ஒண்ணு. இந்த மிஷின்ல அறுபது ஓடுறப்போ மீட்டர்ல ஊசி அறுபது காட்டணும். முப்பதைப் பத்தியோ எண்பதைப் பத்தியோ விதி வாயே தொறக்கல."

உஷாராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே குகன் பட்டறைக்கு ஓட்டினாள்.

"தம்பி, அந்தப் பழைய ஊசியைத் தூக்கி அறுபதுல வச்சு ஒட்டு. நல்ல பசையாப் பார்த்து ஒட்டு."

"பொய்யில்லையாக்கா அது?"

"உண்மையத்தான் காலையில காட்டினேன். ஃபெயில்னுட்டாங்க. ஒட்டுடா."

மதியம் மறுபடியும் அதே உருளை. உஷாராணி சாவியைக்கூட இன்னும் திருப்பவில்லை. குரு நெற்றியைச் சுருக்கினார்.

"வண்டி நிக்குது. அறுபது காட்டுதே?"

"நின்ன இடத்துல அறுபதுல போகும்னு நீங்கதானே சார் காலையில சொன்னீங்க?"

குரு யோசித்தார். அவர் சொன்னதுதான். மறுக்க முடியாது. இயந்திரத்தை ஓட்டச் சொன்னார். அறுபது வந்தது. ஊசியும் அறுபது. ஒரு நூல் பிசகவில்லை, துளி நடுக்கமில்லை. பக்கத்து மேசை ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினார். இந்நிலையத்தில் இத்தகைய துல்லியம் இதுவரை கண்டறியப்பட்டதில்லை என்று அறிவித்து, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

"அக்கா, என் மக தாமரைக்கு வேன்ல இடமிருக்கா? உங்க தாமானுக்குப் பக்கத்துலதான் குடி வந்திருக்கோம். இப்படி ஒரு வண்டியத்தான் தேடிட்டிருந்தேன்."

பெர்மிட் கிடைத்தது. ஆனால் உஷாராணிக்கு மனசாட்சி என்று ஒன்று இருந்து தொலைத்தது. ஊசி அரசாங்கத்துக்கு, பெட்டி தனக்கு என்று முடிவு செய்தாள். பெட்டியைப் பார்த்துப் பார்த்து நிஜமான ஐம்பதில் ஓட்டினாள். வேன் பள்ளிக்கூட வாசலுக்குப் போகவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. சில நாள் மணி முந்திக்கொண்டது.

பள்ளி திறந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டம் கூடிற்று. தலைவி மலர். வேனுக்குள் கேமரா, ஒவ்வொரு சீட்டுக்கும் பெல்ட், பின்கண்ணாடியில் 'குழந்தைகள் ஜாக்கிரதை' ஸ்டிக்கர் என்று பாதுகாப்புக்காகவே தூக்கத்தைத் தொலைத்த அம்மாள்.

"ஆன்டி, என்ன இப்படி மாட்டு வண்டி மாதிரி? பிள்ளைங்க லேட், எங்களுக்கும் ஆபீஸ் லேட்."

"முன்ன தெரியாம தொண்ணூறுல போனேம்மா. இந்தப் பெட்டி வந்துதான் கண்ணத் தொறந்துச்சு."

"அந்தப் பெட்டிக்கு அப்ரூவல் இருக்கா?"

"இல்ல."

"அப்ரூவல் உள்ள மீட்டர் என்ன காட்டுது?"

"அறுபது."

"தொண்ணூறுல போனா?"

"அதே அறுபதுதான்மா."

"அப்புறம் என்ன ஆன்டி உங்களுக்குப் பயம்?" மலர் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். "சார், நீங்க சொல்லுங்க."

தாமரையின் அப்பா என்ற முறையில் வந்திருந்த குரு தொண்டையைச் செருமினார். "அங்கீகரிக்கப்படாத கருவியை நம்பி ஓட்டுவது முறையல்ல."

"ரிஷி வேன் மணிக்கு முன்னாலயே போயிருதாம்" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

உஷாராணி எழுந்து போய் வாசலில் நின்ற வேனிலிருந்து பெட்டியைக் கழற்றி வந்தாள். கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். கூட்டம் கைதட்டியது.

மறுநாள் வேன் பறந்தது. கண்ணாடியும் கதவும் வழியெல்லாம் சேர்ந்து பாடின. பள்ளிக் காவலாளி கேட்டைத் திறப்பதற்கு முன்பே உஷாராணி பிள்ளைகளை இறக்கிவிட்டாள். வண்டியை அணைத்தாள்.

கைப்பேசி மணியடித்தது. பெற்றோர் குழுவில் மலர் எழுதியிருந்தாள்:

"சூப்பர் ஆன்டி! நாளைக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் முன்ன கொண்டு விட்டுருங்க. ஆனா தயவுசெஞ்சு அறுபதத் தாண்டிராதீங்க. உள்ள எங்க பிள்ளைங்க இருக்காங்க."