பன்னிரண்டு பேருக்கு ஒரு வண்டி

“யாரெல்லாம் வர்றாங்க?” என்று தூரான் கானும், அதாவது தூரான் அம்மா, கேட்டபோது, ஷாஹ்தாத் பயணத்துக்குப் போகிறவர்கள் பட்டியலில் மனுச்செஹர் ஒருவர்தான் இருந்தார்.

“எல்லாரும்தான்,” என்றார். வாய் முந்திக்கொண்டுவிட்டது. “ஆபீஸ் முழுக்க. பன்னெண்டு பேர். வியாழக்கிழமை காலையில சீர்ச் மலை வழியாப் போறோம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பிடுவோம்.”

“அப்ப நானும் வர்றேன்.”

ஈரானின் இந்தக் கெர்மான் நகரில் ஒருவரை ஒரு கிளாஸ் தேநீருக்குக் கூப்பிட்டாலும் மூன்று முறை மறுத்துவிட்டுத்தான் உட்காருவார்கள். தூரான் கானும் ஒரு முறைகூட மறுக்கவில்லை. மனுச்செஹருக்கு நெஞ்சு ஒரு குதி குதித்தது. பிறகு அவரே அதைப் பிடித்து உட்கார வைத்தார். பன்னிரண்டு பேர் என்றதால்தானே வருகிறேன் என்றார்? கூட்டத்தோடு கூட்டமாக வர யாருக்குத்தான் தயக்கம் இருக்கும்?

இருவருக்கும் வேலை நில அளவை அலுவலகத்தில். மனுச்செஹர் வரைபடம் வரைகிறவர். தூரான் கானும் பழைய வரைபடங்களை அறையில் அடுக்கிப் பாதுகாக்கிறவர். கணவர் இறந்த மறு வருடம் வேலைக்கு வந்தவர், இப்போது எட்டு வருடமாகிறது. எட்டு வருடமாகக் காலை பத்துக்கும் மாலை நான்குக்கும் தன் கிளாஸை எடுத்துக்கொண்டு மனுச்செஹர் மேசையோரம் வந்து நின்றுதான் தேநீர் குடிப்பார். வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறது என்பார். மனுச்செஹருக்கு வயது ஐம்பத்து நாலு, கல்யாணம் ஆகவில்லை. வெளிச்சத்தின் மேல் அவருக்கு இவ்வளவு நன்றி உண்டானது அந்த எட்டு வருடத்தில்தான்.

இருபத்தேழு வருடமாக அவர் ஒரே நிலத்தைத்தான் வரைந்துகொண்டிருந்தார். சீர்ச் மலையின் உயரக் கோடுகள் ஒன்றையொன்று நெருக்கியடித்துக்கொண்டு கிழக்கே இறங்கும். சுரங்கப்பாதை தாண்டியதும் கோடுகள் விலக ஆரம்பிக்கும். விலகி விலகி, ஷாஹ்தாத் தாண்டியதும் தாளில் ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாத வெள்ளைதான் லூத் பாலைவனம்.

நாலு மாதத்துக்கு முன் தூரான் கானும் அந்த வெள்ளையில் விரலை வைத்தார். “இங்க ராத்திரியில நட்சத்திரம் கைக்கெட்டுற தூரத்துல இருக்குமாமே. கெர்மான்லயே பொறந்தேன், கெர்மான்லயே அம்பத்தொண்ணு ஆச்சு. இதோ இருக்கு, ரெண்டு மணி நேரம். போனதே இல்ல,” என்றார். சொல்லிவிட்டுத் தேநீரை முடித்துக்கொண்டு போய்விட்டார்.

அவருக்கு அது அத்தோடு முடிந்த பேச்சு. மனுச்செஹருக்கு அன்றைக்குப் போன தூக்கம் திரும்பவில்லை. பாலைவனத்தை அவர் இளவயதில் அளவுக் கோலோடு போய்ப் பார்த்தவர்தான். அவர் பார்க்க ஆசைப்பட்டது பாலைவனத்தை அல்ல. தூரான் கானும் தலையை அண்ணாந்து பார்க்கும்போது அந்த முகம் எப்படி இருக்கும் என்பதை.

நாலு மாதம் தைரியம் சேர்த்து, வாரத்தின் முதல் வேலைநாளான சனிக்கிழமை காலை கேட்டாகிவிட்டது. இனி பத்துப் பேரைப் பிடிக்க வேண்டும்.

முதலில் கஸன்ஃபருக்கு ஃபோன் செய்தார். அலுவலகத்துக்கு எப்போதும் வண்டி ஓட்டுகிறவன் அவன்தான். எல்லாரிடமும் அவன் எண் இருந்தது. “பன்னெண்டு பேரு. பெரிய வேன். வியாழன் காலையில ஏழு மணிக்கு ஆபீஸ் வாசல்ல நிக்கணும்,” என்றார். ஷஃபியாபாதில் விடுதி வைத்திருக்கும் தம்பதியிடம் ஆண்களுக்கு ஓர் அறை, பெண்களுக்கு ஓர் அறை சொல்லி வைத்தார். பிறகு மேசை மேசையாகப் போனார்.

மதியத்துக்குள் பட்டியல் நிறைந்துவிட்டது. பெரிய அதிகாரி ரஸ்தேகாரும் மனைவியும். கணக்குப் பிரிவுக் கமாலியும் மனைவியும். வரைபடப் பிரிவின் நாலு இளைஞர்கள். தேநீர் கொடுக்கும் மாஷால்லாவும் மனைவியும். இருபத்தேழு வருடத்தில் மனுச்செஹர் ஒருவரையும் எங்கும் கூப்பிட்டதில்லை என்பதால், மறுக்க வேண்டும் என்பதே பலருக்குத் தோன்றவில்லை.

மதிய உணவின்போது அந்தப் பட்டியலைத் தூரான் கானுமிடம் காட்டினார். அவர் ஒவ்வொரு பெயராக நிதானமாகப் படித்தார்.

“நல்ல கூட்டம்,” என்றார்.

ஞாயிறு காலை ரஸ்தேகார் தன் அறைக்குக் கூப்பிட்டார். முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினார்.

“மனுச்செஹர், நாங்க வரல. ரஃப்சன்ஜான்லேருந்து மச்சான் வர்றான்.”

“அவரையும் கூட்டிட்டு வாங்க சார். எடம் பண்ணிடலாம்.”

“அவனுக்கு மணல் ஒத்துக்காது.”

ரஃப்சன்ஜானே மணலுக்கு நடுவில் இருக்கிற ஊர்தான். ஆனால் அதை அதிகாரியிடம் யார் சொல்வது?

பத்து மணித் தேநீருக்குத் தூரான் கானும் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “அடடா. அப்ப அந்த ரெண்டு எடத்துக்கு யாரக் கேக்கப் போறீங்க?” என்றார்.

‘பார்த்தாயா, ஆள் குறைந்ததும் பயந்துவிட்டார்,’ என்று மனுச்செஹர் தனக்குள் சொல்லிக்கொண்டார். வாய்க்கு வந்த பெயரைச் சொன்னார். “முடிவெட்டுற நோஸ்ரத். அவரும் வீட்டுக்காரம்மாவும்.”

“எந்த நோஸ்ரத்? செம்பு பஜாருக்குப் பின்னால கடை வச்சிருக்காரே, அவரா?”

“அவரேதான்.”

அன்று மாலை நோஸ்ரத்தின் கடைக்குப் போனார். வெறுமனே போய்க் கேட்டால் நன்றாக இருக்காதே என்று நாற்காலியில் உட்கார்ந்தார். நோஸ்ரத் கத்தரிக்கோலை ஓட்டிக்கொண்டே யோசித்தான். யோசனை முடிவதற்குள் முடி பாதி முடிந்துவிட்டது.

“வர்றேன்ணே. ஆனா பயணம் போறப்ப இப்படி நரைச்ச தலையோடவா போவீங்க? கொஞ்சம் சாயம் போடறேன். வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

வருகிறேன் என்றவனிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஒரு மணி நேரம் கழித்து மனுச்செஹர் கண்ணாடியில் பார்த்தபோது, காலணிக்குப் பூசும் மையைத் தலைக்குப் பூசிக்கொண்ட ஒரு மனிதர் அவரைத் துக்கத்தோடு பார்த்தார்.

திங்கள் காலை தூரான் கானும் அந்தத் தலையைப் பார்த்தார். கிளாஸைக் கீழே வைத்தார். முந்தானை போல் தொங்கிய தலைத்துணியின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். வெகுநேரம் திரும்பியே நின்றார்.

“வெளிச்சம் அதிகமா இருக்கு,” என்றார் கடைசியில், குரல் நடுங்க.

மதியம் நோஸ்ரத்திடமிருந்து ஃபோன்.

“அண்ணே, வர முடியாது. பெரியப்பா காலமாயிட்டாரு.”

“அடப்பாவமே. எப்ப?”

“இன்னும் இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆயிடும்.”

போன முடி போனதுதான். சாயம் மட்டும் தங்கிவிட்டது.

செவ்வாய் காலை கமாலி வந்து மனைவிக்கு முழங்கால் வலி என்றார். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க மனுச்செஹர் வீட்டுக்கு ஃபோன் செய்தார். கமாலியின் மனைவி எடுத்து, “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். அவருக்குத்தான் பாவம் முழங்கால் வலி,” என்றார். ஒரே முழங்கால் இரண்டு பேரிடமும் போய் வந்துகொண்டிருந்தது.

மிச்சம் இருந்த நாலு இளைஞர்களையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர்கள் சொல்வதற்கு முன்பே மனுச்செஹர் ஓடிப்போய், “தம்பிங்களா, புதன்கிழமைக்குள்ள முடிக்க வேண்டிய வரைபடம் இருக்குதேன்னு கவலப்படாதீங்க. நாலையும் நானே போட்டுத் தர்றேன். நீங்க வந்தாப் போதும்,” என்றார்.

இளைஞர்கள் நாலு சுருளையும் மனமுருகி அவர் மேசையில் கொண்டுவந்து வைத்தார்கள். மாலை நாலு மணிக்கு, மூத்தவன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

“அண்ணே, எங்களால வர முடியாதுண்ணே. மன்னிச்சுக்குங்க.”

“நாலு பேருமா?”

“நாலு பேருக்கும்தாண்ணே வேலை வந்துடுச்சு.”

“என்ன வேலை? உங்க வேலையெல்லாம் இங்கல்ல இருக்கு,” என்று மேசையைக் காட்டினார். அவன் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். சுருளை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

“அப்ப மாஷால்லா மட்டும்தான் மிச்சமா?” என்றார் தூரான் கானும், நாலு மணிக் கிளாஸோடு.

“மாஷால்லாவும் சம்சாரமும். அப்புறம் எங்க அக்தர் அக்கா இருக்கு. அதுக்கு ஊர் சுத்துறதுன்னாலே ஆகாது. இருந்தாலும் கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வந்துடறேன். நீங்க கவலப்படாதீங்க.”

“அக்தர் அக்காவா?” தூரான் கானும் ஒரு வாய் குடித்தார். “அவங்ககூடப் பேசி ரொம்ப நாளாச்சு.”

புதன் காலை மாஷால்லா தட்டோடு வந்து நின்றான்.

“அண்ணே, என்னால முடியாது. டீ கிளாஸெல்லாம் எண்ணணும்.”

“ரெண்டு நாளாவா எண்ணுவே?”

“நிறைய கிளாஸ்ணே.”

மாலையில் அக்கா ஃபோனில் பேசினாள். நேற்று வருகிறேன் என்றவள்.

“டேய், எனக்கு வெயில் ஒத்துக்காது.”

“அக்கா, குளிர்காலம் ஆரம்பிச்சு ரெண்டு வாரமாச்சு.”

“அடுத்த வெயில நெனச்சுத்தான் சொல்றேன். நீ போயிட்டு வாடா. போர்வை எடுத்துக்க. தலைக்கு என்னத்தையோ பூசியிருக்கியாமே, அதத் தேய்ச்சுக் கழுவு.”

யார் சொன்னார்கள் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள். கேட்கிற தெம்பும் அவருக்கு இல்லை.

எல்லாரும் போன பிறகு மனுச்செஹர் அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து நாலு வரைபடங்களையும் முடித்தார். நாலாவது சுருள் அதே நிலம். சீர்ச்சிலிருந்து கோடுகளின் மேல் விரலை வைத்து மெல்ல இறங்கினார். மலை, சுரங்கம், பேரீச்சந்தோப்பு, பிறகு வெள்ளை. இந்த விரல் இத்தனை முறை போன வழியில் ஒரே ஒரு முறை தூரான் கானுமோடு போய்வர ஒரு வேன் நிறைய ஆள் தேவைப்பட்டது. உலகத்தில் அவருக்கு ஒரு வேன் நிறைய ஆள் இல்லை. இரண்டு பேர் தனியாக ஒரு ராத்திரிப் பயணம் போவதாவது. கெர்மான் என்ன சொல்லும்? கெர்மான் கிடக்கட்டும், தூரான் கானும் என்ன நினைப்பார்? இதற்காகத்தான் ஆளையெல்லாம் கழித்துவிட்டான் என்று நினைத்துவிட்டால், அப்புறம் அந்தப் பத்து மணியும் நாலு மணியும்கூட இல்லாமல் போய்விடும். பாலைவனம் கிடைக்காவிட்டால் போகிறது. வெளிச்சத்தை இழக்க அவரால் முடியாது.

நாளைக் காலை நேரில் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். வேனையும் அங்கேயே திருப்பி அனுப்பிவிடலாம்.

வியாழன் ஆறே முக்காலுக்கு அலுவலக வாசலில் தூரான் கானும் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் சுருட்டிய கம்பளம், ஒரு கையில் கூடை. பேரீச்சையும் அக்ரூட்டும் அடைத்துச் சுட்ட கோலோம்பே பலகாரத்தின் வாசனை கூடையை மீறி வந்தது. மலை முகட்டில் அப்போதுதான் வெயில் விழத் தொடங்கியிருந்தது.

மனுச்செஹர் ராத்திரி முழுக்கப் பாடம் செய்ததை ஒரே மூச்சில் சொன்னார்.

“கானும், யாரும் வரல. ஒருத்தர்கூட வரல. நான் பொய் சொன்னேன். சனிக்கிழமை நீங்க கேட்டப்ப நான் யாரையும் கூப்பிட்டிருக்கவே இல்ல. உங்களுக்கு அந்த நட்சத்திரத்தக் காட்டணும்னு ஆசை, அவ்வளவுதான். நேராச் சொல்ல வாய் வரல. அப்புறம் ஆள் சேத்தேன், ஒவ்வொருத்தராக் கழண்டுட்டாங்க. என்னைத் தப்பா நெனச்சுக்காதீங்க. வேன் வந்ததும் திருப்பி அனுப்பிடறேன். உங்கள வீட்டுல கொண்டுவந்து விட்டுடறேன்.”

தூரான் கானும் அவர் தலையைப் பார்த்தார். தேய்த்துத் தேய்த்துக் கழுவியதில் பாதி கறுப்பும் பாதி செம்பட்டையுமாக இருந்தது.

“குளிருது,” என்றார். “கூடையக் கொஞ்சம் பிடிங்க.”

மனுச்செஹர் கூடையை வாங்கினார். அதற்குள் தெருமுனையில் ஒரு வண்டி திரும்பியது. வேன் இல்லை. கஸன்ஃபரின் சின்ன வெள்ளைக் கார். அது நிற்பதற்கும் தூரான் கானும் பின்கதவைத் திறந்து, கம்பளத்தை மடியில் வைத்துக்கொண்டு, தன் வீட்டுக்குள் நுழைகிறவர் போல ஏறி உட்கார்வதற்கும் சரியாக இருந்தது.

அத்தனை நாள் சேர்ந்த ஆற்றாமையும் மனுச்செஹருக்கு ஓட்டுநர் மேல் திரும்பியது. ஜன்னல் அருகே குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

“ஏம்ப்பா கஸன்ஃபர், நான் உன்கிட்ட என்ன சொன்னேன்? பன்னெண்டு பேரு, பெரிய வேன்னு சொன்னேனா இல்லையா? யாரக் கேட்டு இந்தச் சின்ன வண்டியக் கொண்டுவந்தே?”

கஸன்ஃபர் முன்சீட்டுக் கதவைத் திறந்துவிட்டபடி சொன்னான்: “சனிக்கிழமை மத்தியானமே கானும் ஃபோன் பண்ணி, ‘ரெண்டே பேருதான் வர்றோம், சின்ன வண்டி போதும், மத்த பத்துப் பேர நான் பாத்துக்கறேன்’னு சொல்லிட்டாங்களேண்ணே.”