நூறு கொடுத்தால் முப்பது

"இங்க ஒரு கையெழுத்து போடுங்க மாப்பிள்ளை. உங்க கம்பெனி பங்கு விஷயம்தான்" என்று மாமனார் ஒரு காகிதத்தை நீட்டியதும், குடைக் கம்பெனி குமாஸ்தா பேனாவை மூடிச் சட்டைப்பைக்குள் செருகினார்.

கம்பெனி முதன்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்கப்போகிறது. அதற்கான முந்நூறு பக்க அறிக்கையை ஆறு வாரம் பிழைதிருத்தியவர் அவர்தான். இனி ஜென்மத்துக்கும் எந்தக் காகிதத்தையும் படிப்பதில்லை என்று சபதம் எடுத்திருந்தார். இதையும் படிக்கவில்லை; புதுப் பங்கு வாங்கும் விண்ணப்பம் என்றே நினைத்தார். மாமனார் ஆயுள் முழுக்க மரம் இழைத்துச் சேர்த்த பணம் போய்விடுமே என்ற கவலைதான் முன்னால் நின்றது.

"அவசரப்படாதீங்க மாமா. புதுசா வாங்கறவங்க ஒரு பங்குக்கு நூறு ரூபா கொடுக்கறாங்க. ஆனா மறுநாள் அந்தப் பங்குக்குப் பின்னால இருக்கிற சொத்து முப்பதுதான்."

"மீதி எழுபது?"

"பழைய பங்குக்காரங்களோட சேர்த்துப் பங்கு போடறதுல கரைஞ்சிடும். அவங்க ஒரு பங்குக்குப் போட்டது ரெண்டே ரெண்டு ரூபா!"

மாமனாரின் கண்கள் விரிந்தன. ஆசை பிடித்துவிட்டது என்று குமாஸ்தா பதறினார். சமையலறைக்கு ஓடி, மூன்று டம்ளர் தண்ணீர்ப் பாலும் ஒரு டம்ளர் கெட்டிப் பாலும் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டி, மறுபடி நாலு டம்ளரில் ஊற்றினார்.

"கெட்டிப் பால் ஊத்தினது நீங்க. திரும்பி வந்ததைப் பாருங்க!"

"தண்ணி ஊத்தினவனுக்கு?"

"அவனுக்கென்ன, கொழுத்த லாபம்."

"என்னங்க, காப்பிக்கு வெச்சிருந்த பால் அது!" என்று உள்ளேயிருந்து மனைவி கத்தினாள்.

மாமனார் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். "கம்பெனி வளருமா மாப்பிள்ளை?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "வளரும் மாமா. ஆர்டர் குவியுது. ரெண்டாவது ஷெட் போடறோம்."

"அப்போ பழைய பங்கு?"

"இன்னும் ஏறும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். கிழவர் முகம் இப்போது ஜொலித்தது. இனி பேச்சு உதவாது. காகிதத்தைப் பிடுங்கி நாலாகக் கிழித்துப்போட்டார்.

"மன்னிச்சிடுங்க மாமா. நீங்க நல்லா இருக்கணும், அவ்வளவுதான்."

மாமனார் எழுந்து வந்து அவரை இறுகக் கட்டிக்கொண்டார்.

"நல்ல வேளை கிழிச்சீங்க மாப்பிள்ளை! உங்க முதலாளிக்கு முதல் மேஜைங்களைச் செஞ்சு கொடுத்தப்போ கூலிக்குப் பதிலா அவர் தந்த ஆயிரம் பழைய பங்கை, வெறும் காகிதம்னு நினைச்சு உங்க பேருக்கு எழுதிக் கொடுக்க இருந்தேனே!"