அப்பா கேட்ட வெள்ளை காஸ்மோ

தெத்சுரோ சபதமே எடுத்துவிட்டார். அந்த வெள்ளை காஸ்மோ ஸ்போர்ட் பொம்மைக் கார் வீட்டுக்குள் வந்தே தீரும். மிசாவோ அதைத் தொடக்கூட மாட்டாள்.

சபதத்துக்குக் காரணம் அவர் மனைவி மிசாவோ போட்ட சட்டம். "இனி ஒரே ஒரு பொம்மை வண்டி உள்ள வரட்டும், மொத்தமும் வெளிய போகும்."

அவளையும் குறை சொல்ல முடியாது. கண்ணாடி அலமாரி நிரம்பி வெகுகாலம் ஆகிவிட்டது. பழைய ஃபேர்லேடி கார்கள் அரிசி டப்பாவின் மேல் அணிவகுத்தன. ஸ்கைலைன்கள் செருப்பு அலமாரியைப் பிடித்துக்கொண்டதால் மிசாவோவின் மழைக்காலணி குளியலறைக்குக் குடிபோயிருந்தது. எல்லாம் கையளவு வண்டிகள்தான். ஆனால் பொம்மை வண்டிகளுக்குப் பேர்போன ஷிசுவோகா நகரில் இந்தப் பைத்தியம் பிடித்த வீடுகளில் மனிதர்களுக்குத்தான் நிறுத்த இடம் கிடைப்பதில்லை.

காஸ்மோ கிடைத்தற்கரிய சரக்கு. பெட்டி பிரிக்காதது. பல வருஷம் தேடி ஒசாகாவில் ஒரு கிழவரிடம் கெஞ்சி வாங்கியாயிற்று. எங்கே வைப்பது?

விடை கூடத்திலேயே இருந்தது. அப்பாவின் படம் வைத்த பூஜை மாடம்! முன்னோர்கள் வீடு தேடி வரும் போன் பண்டிகை நாட்கள் வேறு நெருங்கிவிட்டன. மாடத்துப் படையலை நகர்த்த மிசாவோவுக்குக் கை வராது.

மறுநாள் காலை, மாடத்தில் சோறு வைக்கப் போன மிசாவோ அப்படியே நின்றாள்.

"என்னங்க இது?"

"படையல். அப்பா கனவுல வந்து கேட்டார்."

"மாமாவுக்கு சைக்கிளே ஓட்ட வராதே?"

"அதான் ஏக்கம்."

"என்னன்னு கேட்டார்?"

"வெள்ளை காஸ்மோ வேணும், பெட்டியைப் பிரிக்காதேன்னார்."

"உயிரோட இருந்தப்ப இன்னொரு கரண்டி சூப்புகூட வாய்விட்டுக் கேட்காத மனுஷன். செத்ததும் கலர் சொல்லிக் கேக்குறாராக்கும்?"

"அங்க போனா கூச்சம் விட்டுப்போகும்போல."

மிசாவோ அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மணியைத் தட்டிக் கைகூப்பினாள். "மாமா ஆசை. நான் யாரு தடுக்க?"

இவ்வளவு சுலபமா! தெத்சுரோ அன்று முழுக்கச் சீட்டியடித்தபடி திரிந்தார்.

போன் பண்டிகை வந்தது. வீடு வீடாக மந்திரம் ஓதிக்கொண்டிருந்த கோயில் குரு, ஸ்கூட்டரில் வியர்த்து விறுவிறுத்து வந்து இறங்கினார். தர்பூசணியும் காஸ்மோ பெட்டியும் படைத்திருந்த மாடத்தின் முன் அமர்ந்தார். மந்திரம் பாதியில் தடுமாறியது. அவர் கண் பெட்டியை விட்டு நகரவில்லை. அப்புறம் ரயில் வேகத்தில் ஓதி முடித்தார்.

குளிர்ந்த தேநீரை வைத்துவிட்டு மிசாவோ பணிவாகக் கேட்டாள். "சாமி, படைச்சதை இறக்கி வந்தவங்களுக்குக் கொடுத்தாத்தானே புண்ணியம்?"

"அதுதானேம்மா முறை."

அவள் இரண்டு கையாலும் பெட்டியை எடுத்து அவர் முன் வைத்தாள்.

"தர்பூசணி! தர்பூசணி இருக்கே!" என்று அலறினார் தெத்சுரோ.

"அது நானா வச்சது. இது மாமாவே வாய்விட்டுக் கேட்டது. இவரு கனவுல வந்தார், சாமி. என்னங்க, நீங்களே சொல்லுங்க."

குரு திரும்பிப் பார்த்தார். படத்திலிருந்து அப்பாவும் பார்த்தார். இருவர் முன்னாலும் கனவு பொய் என்று சொல்ல தெத்சுரோவுக்கு நாக்கு எழவில்லை.

"ஆமாங்க, வந்தார்."

சர்ரென்று பிரிந்தது பெட்டி. தெத்சுரோவின் நெஞ்சும் கூடவே பிரிந்தது.

"சாமி, பிரிக்க வேண்டாம்னு அப்பா..."

"பிரிக்காம அவர் எப்படிப்பா ஏறுவார்?" குரு காஸ்மோவைத் தேநீர்த் தட்டின் ஓரத்திலிருந்து தர்பூசணிவரை உருட்டினார். "ஆஹா, கதவுகூடத் திறக்குதே!"

காஸ்மோவை ஏற்றிக்கொண்ட ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும்வரை தெத்சுரோ வாசலில் குனிந்தபடியே நின்றார். மரியாதையால் அல்ல. நிமிரத் தெம்பில்லை.

"அவருக்கும் இந்தப் பைத்தியம்னு எனக்குத் தெரியாதே மிசாவோ!"

"எனக்குத் தெரியும். அவர் சம்சாரம் வாராவாரம் என்கிட்ட சொல்லி அழுறாங்க."

அவள் தர்பூசணியை நறுக்கத் தொடங்கினாள்.

"அடுத்த தடவை மாமா கனவுல வந்தா சிவப்புல ஒரு டொயோட்டா 2000ஜிடி கேக்கச் சொல்லுங்க. சாமிகிட்ட அது ஒண்ணுதான் இல்லையாம்."