ஆகட்டும் சாரும் மூளை ஆய்வகமும்

"முடியாது" என்ற சொல்லைத் தாயின் வயிற்றிலேயே விட்டுவிட்டுப் பிறந்தவர் எங்கள் ஆகட்டும் சார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் கட்டடப் பிரிவு மேற்பார்வையாளர். நான் அங்கே குமாஸ்தா. யார் எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பார். கேட்டவர் சந்தோஷமாகப் போய்விடுவார். தலைவலி எனக்கு வரும்.

பழைய விதைக் கிடங்கின் கிழக்குப் பாதியை மூளை ஆய்வகமாக மாற்ற உத்தரவு வந்தது. மேற்குப் பாதி பழையபடி நெல்லுக்கு. நடுவே இரு பக்கமும் கதவு வைத்த ஓர் அறை. அது யாருக்கு என்று உத்தரவு போட்ட மகராசன் சொல்லவில்லை.

ஆய்வகத் தலைவி டாக்டர் மேரி, பட்டுக்கோட்டைக்காரர், வந்தார். "சார், மூட்டை எறக்குற சத்தம் வந்தா மிஷின்ல ஒண்ணும் பதியாது. மேற்குக் கதவை அடைச்சிடுங்க."

"ஆகட்டும்மா."

அவர் போனதும் விதைப் பேராசிரியர் வந்தார். "மாப்பிள்ளைச் சம்பா விதை வைக்கப் போறேன். கண்டவங்க நடமாட்டம் கூடாது. கிழக்குக் கதவை அடைச்சிடுங்க."

"ஆகட்டுங்க."

மறுநாள் டீயோடு போனேன். கிழக்கே சுவர். சுற்றிக்கொண்டு போனால் மேற்கேயும் சுவர். இரண்டு கொத்தனார்களும் வேலை முடிந்ததென்று கை கழுவிக்கொண்டிருந்தார்கள். மேலே காற்றுத் துவாரத்திலிருந்து குரல் வந்தது.

"டீயை அங்கயே வைங்க, வந்து குடிக்கிறேன்."

"எப்படி சார் வருவீங்க?"

"அதாங்க யோசிச்சுட்டிருக்கேன்."

உள்ளே நாற்காலி போட்டு இரு பக்கத்தையும் மேற்பார்வை பார்த்திருக்கிறார் மனிதர். மேரி ஓடி வந்து கிழக்கே உடைக்கச் சொன்னார், ஆகட்டும். பேராசிரியர் மேற்கே என்றார்; அதற்கும் ஆகட்டும். எனக்குப் பொறுமை போய்விட்டது. சாருடைய டிபன் கேரியர் கிழக்கே இருந்ததால் கிழக்கே உடைக்கச் சொன்னேன். அறை மேரிக்குப் போனது இப்படித்தான்.

பிறகு டெல்லியிலிருந்து நிபுணர் குழு வந்தது. அவர்களுக்குத் திருப்தி இல்லையென்றால் ஆய்வகம் சென்னைக்குப் போய்விடும். பரிசோதனைக்குத் தலை கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. சார்தான் "ஆகட்டும்" என்று வயர் தொப்பியை மாட்டிக்கொண்டார். கேள்விக்குப் பதில் "இல்லை" என்றால் பொத்தானை அழுத்த வேண்டும். அப்போது திரையில் கோடு துள்ளும்.

"நீங்க யானையா?" என்று மேரி கேட்டார். சார் அழுத்தவில்லை. "நீங்க பூதலூர் ஸ்டேஷனா?" அதற்கும் அழுத்தவில்லை.

"அழுத்துங்க சார்," என்று கெஞ்சினேன்.

"அம்மா ஆசையாக் கேக்குறாங்க. எப்படிங்க இல்லேங்கிறது?"

மிஷின் பழுதா என்று குழுவினர் முணுமுணுத்தார்கள். மேரியின் கண் கலங்கிவிட்டது. ஆத்திரத்தில் நான் கேட்டேன்: "அப்ப இந்த லேபைச் சென்னைக்கே அனுப்பிடலாமா சார்?"

சார் மேரியைப் பார்த்தார். பொத்தானை அழுத்திய அழுத்தில் அது உள்ளே போய் மாட்டிக்கொண்டது. கோடு திரையின் உச்சிக்கே துள்ளியது. ஆய்வகம் இங்கேயே நின்றது.

போன மாதம் ஓய்வுபெற்றார். பிரிவு உபசார டீ குடிக்கும்போது, "எங்களையெல்லாம் மறந்துடுவீங்கல்ல சார்?" என்றேன். வழக்கமான பதில் வரும் என்று சிரிக்கத் தயாராக இருந்தேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என் உள்ளங்கையில் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார்.