பத்தாவது ஆளின் நாற்காலிச் சத்தியம்

கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷம். அன்றுதான் முதல் தடவையாக என் கையில் ஒரு ஆயுதம் சிக்கியது. விடுவேனா?

ஆயுதம் என்னவென்றால், நான்தான்.

எனக்கு நீட்டிப் பேச வராது. சுருக்கமாகச் சொல்கிறேன். நாங்கள் யூதர்கள். பாட்டன்மார் மிளகு மூட்டையோடு கொச்சியிலிருந்து நாகப்பட்டினம் வந்து இங்கேயே தங்கிவிட்டார்கள். வெளியூர்க்காரன் எவனாவது, "சாமி கும்பிட நாகூர் போவீங்களா, வேளாங்கண்ணி போவீங்களா?" என்பான். ரெண்டுக்கும் நடுவில் என்பேன். பஸ் ரூட்டுப்படியும் அது சரி.

எங்கள் ஜெபத்தைத் தனியாகவும் சொல்லலாம். ஆனால் செத்தவர்களுக்காகச் சொல்கிற 'கதீஷ்' மட்டும் பத்து ஆண்கள் கூடினால்தான். ஒன்பது பேர் கூடினால் டீ குடித்துவிட்டுக் கலையலாம். டெல்டா முழுக்கச் சல்லடை போட்டு அரித்தாலும் நாங்கள் ஆண்கள் சரியாகப் பத்து. தினமும் கூட முடியாது. பண்டிகைக்கும் நினைவு நாளுக்கும் கடைத்தெருவில் ஒரு மாடி ஹாலில் கூடுவோம். அதுதான் எங்கள் ஜெப ஆலயம்.

பத்தில் ஒருவர் என் மச்சான் நப்தலி. என் பெண்டாட்டி சிப்போராளின் அண்ணன். எழுபத்தாறு வயது. திருத்துறைப்பூண்டியில் தனிக்கட்டை. போன மாதம் மழையில் வாய்க்கால் மதகில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. மகன் பெங்களூருக்குக் கூப்பிடுகிறான். அவர் போனால் நாங்கள் ஒன்பது. ஹாலைப் பூட்டிச் சாவியைக் கடலில் வீசலாம். அதனால் சிப்போராள் ஒரு முடிவு எடுத்தாள். அண்ணன் எங்கள் வீட்டு முன்னறைக்குக் குடிவருவார்.

முன்னறை என்னுடையது. என் நாற்காலி, என் ரேடியோ, என் ஜன்னல். சிப்போராளே தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவாள். தட்டுவது தட்டையும் டம்ளரையும்தான் என்றாலும்.

மச்சான் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்தவர். ரிடையராகிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. இன்ஸ்பெக்‌ஷன் மட்டும் நிற்கவில்லை. நான் வாழைப்பழம் உரித்தால், "அந்தப் பக்கத்துலேர்ந்து உரிக்கணும் மாப்பிள்ளை" என்பார். தும்மினால், தும்மும்போது முதுகு எப்படி இருக்க வேண்டும் என்பார். அவரோடு ஒரே கூரையின் கீழ் இருப்பதைவிட நான் பெங்களூர் போய்விடுவேன்.

ஐப்பசியில் மாமனாரின் நினைவு நாள் வந்தது. மகன் என்ற முறையில் மச்சான் கதீஷ் சொல்ல வேண்டும். அதற்குப் பத்து பேர் வேண்டும். காலை ஜெபத்துக்கு நான் போகவில்லை.

ஒன்பதரைக்குச் சிப்போராள் திரும்பி வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திட்டினால் சமாளிக்கலாம். இது வேறு.

"ஏன் வரல?"

"முட்டி வலி."

"நேத்து மதில்ல ஏறி முருங்கைக்காய் பறிச்சீங்களே?"

"அது வேற முட்டி."

"ஒம்பது பேரும் ஒரு மணி நேரம் வாசலையே பார்த்துட்டு உக்காந்திருந்தாங்க. அண்ணன் ஊருக்கு பஸ் ஏறிட்டாரு. இன்னும் சாயங்கால ஜெபம் ஒண்ணுதான் பாக்கி. பொழுது சாய்ஞ்சா நாளு முடிஞ்சுது. அப்பாவுக்கு இந்த வருஷம் ஒரு கதீஷ் இல்ல."

மாமனார் நல்ல மனுஷன். என்னை ஒரு வார்த்தை அதட்டியதில்லை. நெஞ்சில் ஏதோ உறுத்தியது. ஆனால் போராட்டம் என்றால் போராட்டம்.

"அது உன் கையிலதான் இருக்கு," என்றேன். "உங்கண்ணன் இங்க குடிவர மாட்டாருன்னு ஒரு வார்த்தை சொல்லு. இப்பவே சட்டைய மாட்டிக்கிட்டு வரேன்."

"சொல்லலைன்னா?"

"சொல்ற வரைக்கும் இந்த நாற்காலிய விட்டு எழுந்திரிக்க மாட்டேன்."

"ம்க்கும். அஞ்சு நிமிஷத்துல எழுந்து கண்ணாடியத் தேடுவீங்க."

"மாட்டேன்."

"போன வருஷம் வெத்தலைய விட்டுட்டேன்னீங்க. மறுநாள் மாட்டுக்குப் போட்டியா நின்னு மென்னீங்க."

"சத்தியம்டி!" நாற்காலியின் கையில் ஓங்கி அடித்தேன். "சத்தியமா எழுந்திரிக்க மாட்டேன்!"

அவள் முகம் லேசாக மலர்ந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"சரிங்க," என்றாள். "டீ போடவா?"

எங்களில் சத்தியம் விளையாட்டுக் காரியமில்லை. வாயை விட்டு வந்தால் வந்ததுதான். அரவை மில்லில் முப்பத்தைந்து வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்தேன். ஜெக்கரியா சொன்னால் சொன்னதுதான் என்று பேர். அந்தப் பேரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

டீ வந்தது. குடித்தேன். பதினோரு மணிக்கு இளநீர் வந்தது.

"போராட்டத்துல இருக்கேன். இதெல்லாம் எதுக்கு?"

"உண்ணாவிரதம்னு நீங்க சொல்லலியே."

அதுவும் சரிதான். குடித்தேன்.

பக்கத்து வீட்டுத் துரைராசு ஜன்னலில் எட்டிப் பார்த்தான். மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றுகிற மினி லாரி வைத்திருக்கிறான். இந்தத் தெருவில் என் பக்கம் நிற்கிற ஒரே ஆண்.

"என்னண்ணே, அண்ணி அசைஞ்சாங்களா?"

"அசைவா. மணி ஆக ஆக அசைவா."

"விட்றாதீங்கண்ணே. நீங்க ஜெயிச்சாத்தான் நாங்க எங்க வீட்ல வாயத் தொறக்க முடியும். சரி, எனக்கு ஒரு லோடு இருக்கு. திருத்துறைப்பூண்டி வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்."

"அங்க யாருக்குடா ஐஸ்?"

"ஐஸ் வைக்கிறவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்கண்ணே," என்று சொல்லிவிட்டுப் போனான். நான் யோசிக்கவில்லை. மடையன்.

மதியம் சாப்பாடு மடிக்கே வந்தது. ரசம் இரண்டு கரண்டி அதிகம். பின்னால் நீர்மோர் ஒரு செம்பு. மூன்று மணிக்கு மறுபடி டீ. அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அவள் மனம் இளகுகிறது என்று நினைத்தேன். இளகியது அவள் மனமல்ல. வேறு ஒன்று.

நாலு மணிக்குக் காலை மாற்றிப் போட்டேன். நாலரைக்கு மறுபடி மாற்றினேன்.

"சிப்போரா."

"என்னங்க?"

"அந்த ஒரு வார்த்தைய சொல்லித் தொலையேன்."

"எந்த வார்த்தை?"

"அண்ணன் வரமாட்டாருன்னு."

"அது எப்படிங்க பொய் சொல்றது? இன்னிக்கு அப்பா நாளு."

ஐந்து மணிக்கு வாசலில் மினி லாரி நின்றது. துரைராசு குதித்து இறங்கினான். என் கண்ணைப் பார்க்கவில்லை. பின்கதவைத் திறந்தான். முதலில் ஒரு இரும்புக் கட்டில் இறங்கியது. அடுத்து ஒரு டிரங்குப் பெட்டி, கால்மணை, சுவர்க் கடிகாரம். கடைசியாகக் கைத்தடியோடு மச்சான்.

"துரோகி!" என்று கத்தினேன்.

"அண்ணி கேட்டாங்கண்ணே. மறுத்தா எங்க வீட்டுக்காரிகிட்ட சொல்லிடுவாங்க."

"எதைடா?"

"அது எனக்கே தெரியாதுண்ணே. அதான் பயம்."

அவன் பேசி முடிப்பதற்குள் இரண்டு ஷேர் ஆட்டோ. அதிலிருந்து எட்டு பேர் இறங்கினார்கள். எல்லார் தலையிலும் குல்லா. எல்லார் கையிலும் ஜெபப் புத்தகம். முன்னால் மோர்தெகாய் மாஸ்டர். எங்கள் ஜெபத்தை நடத்துகிறவர். எண்பது வயது. எதையும் நிதானமாகத்தான் செய்வார். வாய்க்காலில் தண்ணீர் வற்றுவதுபோல.

"நீர் ஜெப ஆலயத்துக்கு வரமாட்டீர்னு சிப்போரா சொல்லிச்சு," என்றார். "பரவால்ல. நாங்க வந்துட்டோம்."

ஒன்பது பேரும் என் முன்னறைக்குள் புகுந்தார்கள். தட்டவில்லை. நான் எழ முடியாது. எழுந்தால் சத்தியம் போச்சு. உட்கார்ந்திருந்தால் பத்தாவது ஆள். ஜன்னலுக்கு வெளியே வெயில் சிவந்துகொண்டிருந்தது. இன்னும் அரை மணி. அதுவரை தாக்குப் பிடித்தால் போதும். ஆள் இருந்தும் இல்லாமல் ஆக ஒரு வழி உண்டு. கண்ணை மூடினேன். குறட்டை விட்டேன். நல்ல கனமான குறட்டை.

மாஸ்டர் எண்ண ஆரம்பித்தார். எங்களில் மனிதர்களை ஒன்று, இரண்டு என்று எண்ணக் கூடாது. பத்து வார்த்தை உள்ள ஒரு வசனம் உண்டு. தலைக்கு ஒரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டு போவார். ஒன்பதாவது வார்த்தை மச்சான் தலையில் விழுந்தது. அடுத்தது நான். நான் குறட்டையைக் கூட்டினேன்.

"மாஸ்டர், தூங்குறாரே," என்றது மச்சான் குரல்.

"தூங்கட்டும். பத்துல ஒருத்தர் தூங்கினாலும் கணக்குல சேர்த்திதான். சட்டத்துல தெளிவா இருக்கு."

ஒரு கண்ணைத் திறந்தேன்.

"முழிச்சுக்கிட்டா?"

"ரொம்ப நல்லது," என்று சொல்லிப் பத்தாவது வார்த்தையை என் தலையில் வைத்தார்.

ஜெபம் தொடங்கியது. எருசலேம் எங்களுக்கு மேற்கே. என் நாற்காலி மேற்குச் சுவரோரம். ஒன்பது பேரும் என்னைப் பார்த்து நின்று குனிந்து வணங்கினார்கள். மச்சான் உட்பட. வேறு சமயமாக இருந்தால் ரசித்திருப்பேன். இளநீர், மோர், ரசம், இரண்டு டீ எல்லாம் உள்ளே ஒன்று சேர்ந்து கூட்டம் போட்டுக்கொண்டிருந்தன. மேட்டூர்த் தண்ணீர் வந்து முட்டும்போது கடைமடை மதகு எப்படி நிற்கும்? அப்படி உட்கார்ந்திருந்தேன்.

கதீஷ் வந்தது. மச்சான் தடியை ஊன்றி முன்னால் வந்தார். பாதியில் குரல் உடைந்தது. அப்பா போய் இருபத்திரண்டு வருஷமாகியும் உடைந்தது. அறை வாசலில் சிப்போராள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். பத்துக் குரலில் என் குரல்தான் பெரிது. அவசரத்தில் வந்தது. வேறு காரணம் இல்லை.

ஜெபம் முடிந்தபோது ஜன்னலில் வெளிச்சம் ஒரு விரல்கடை பாக்கி.

"மாஸ்டர்!" என்றேன். "என் சத்தியத்த அவுத்து விடும். சீக்கிரம்!"

"அதுக்கு மூணு பேர் நீதிபதியா உக்காரணும்."

"உக்காருங்க!"

"முதல்ல எல்லாரும் டீ குடிச்சுட்டு..."

"டீயைப் பத்திப் பேசாதீர்!"

மூன்று பேர் பாயில் உட்கார்ந்தார்கள். மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்தார். ஒரு பக்கம். பிறகு மறு பக்கம்.

"முறைப்படி நீர் எழுந்து நிக்கணும்."

"நின்னா சத்தியம் போயிடும்யா!"

"ஆமால்ல. சரி, உக்காந்தே சொல்லும். இப்படி ஆகும்னு தெரிஞ்சிருந்தா சத்தியம் பண்ணியிருப்பீரா?"

"மாட்டேன்! மாட்டேன்!"

"வருத்தப்படுறீரா?"

"படுறேன்!"

"மாஸ்டர்," என்று நடுவில் நுழைந்தாள் சிப்போராள். குரலில் தேன். "சத்தியத்துல அண்ணன் வரக்கூடாதுன்னு ஒரு நிபந்தனை இருக்கு. அத வச்சுக்கிட்டு சத்தியத்த மட்டும் எப்படி அவுக்குறது?"

மாஸ்டர் தாடியைத் தடவினார். "அதானே. நிபந்தனைய விட்டாத்தான் அவுக்கலாம். யோசிச்சு, நிதானமா சொல்லும்."

"வரட்டும்! அவரு வரட்டும்! அவரு கட்டில், பெட்டி, கடிகாரம் எல்லாம் வரட்டும்! இந்த அறையிலேயே கிடக்கட்டும்!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள்.

"கேட்டோம்," என்றார்கள். ஜன்னலுக்கு வெளியே துரைராசும் சொன்னான்.

மூவரும், "அவிழ்ந்தது" என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். மாஸ்டர் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இருமினார். அந்த இருமலில் என் ஆயுளில் ஒரு வருஷம் போனது.

"அவிழ்ந்தது."

பறந்தேன். எழுபத்தோரு வயதில் அப்படி ஓடியவன் இந்த ஜில்லாவில் கிடையாது. கூடம், அடுப்படி, கொல்லைப்புறம். கழிவறைக் கதவைத் தள்ளினேன்.

உள்தாழ்.

"யாரு, மாப்பிள்ளையா?" என்றது உள்ளேயிருந்து குரல். "கொல்லையில ஓடக் கூடாது, வழுக்கும். அப்படியே நிதானமா நில்லுங்க. எனக்கு எப்பவும் முக்கால் மணி நேரம் ஆவும்."