கடைவாய்ப் பல்லும் பருத்தித்துறை வடையும்

ஒரு செய்தியை அச்சுக்கு அனுப்ப முன் இரண்டு பேரிடம் விசாரிக்க வேண்டும் என்று, பத்திரிகைக்குப் புதிதாக வருபவர்களுக்குப் பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன். எனது வாய்க்குள் நடந்த விடயத்திலும் அப்படித்தான் செய்தேன். வினை அங்கேதான் தொடங்கியது.

முதலாமவர் யாழ்ப்பாண நகரத்துப் பல் வைத்தியர். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், எனது வலது கடைவாய்ப் பல்லின் குழியைப் பல்லின் நிறத்திலேயே ஒரு பசையால் நிரப்பி, நீல வெளிச்சம் பிடித்து இறுக்கினார்.

"இது எவ்வளவு காலத்துக்கு நிக்கும், டொக்டர்?"

"பல வருசம். நீங்கள் கடிக்கிறதையும் பல்லு மினுக்கிறதையும் பொறுத்தது. விறைப்புப் போன உடனை சாப்பிடலாம்."

"சரியா எத்தினை வருசம்?"

"தம்பி, பல்லிலை காலாவதித் திகதி அடிச்சு விடுறேல்லை."

எனக்குத் திருப்தியில்லை. பத்திரிகைக் கந்தோரில் அச்சு இயந்திரம் பார்க்கும் சோதி அண்ணையிடம் கேட்டேன். அவருடைய வாயெல்லாம் பழைய வெள்ளி அடைப்பு.

"ஒரு நாள் முழுக்க ஒண்டும் கடிக்கப்படாது. கடிச்சியோ, அவ்வளவுதான்."

(அது வெள்ளி அடைப்புக்கான சட்டம் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.) தகவல்கள் முரண்பட்டதால், கடுமையானதை நம்பினேன்.

மறுநாள் காலை அக்காவும் நானும் உடுவிலுக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் புவியியல் ரீச்சர். வந்து இருந்ததும் என்னை நேராகப் பார்த்து, "போன கிழமை உங்கடை பேப்பரிலை கொடிகாமத்தைப் பிழையா வலிகாமத்துக்குள்ளை போட்டிருந்தியள்," என்றார். அந்த நிமிடமே எனக்குப் பிடித்துவிட்டது.

பலகாரத் தட்டு வந்தது. பயத்தம் பணியாரமும், தட்டையாய்க் கடினமாய்ப் பொரித்த பருத்தித்துறை வடையும். நான் தொடவில்லை. பெண்ணின் தாய் இரண்டு தரம் தட்டை என் பக்கம் நகர்த்தினார். இரண்டு தரமும் பணிவாக மறுத்தேன். தகப்பன் கதையை நிறுத்திவிட்டு முற்றத்தைப் பார்க்கத் தொடங்கினார். ரீச்சர் எழும்பி உள்ளே போகப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

அக்கா காதுக்குள் சீறினாள்: "விசரா, பலகாரம் தொடாட்டி பொம்பிளை பிடிக்கேல்லை எண்டு அர்த்தம்!"

பாய்ந்து இரண்டு வடையை ஒன்றாக எடுத்தேன். வலப்பக்கத்தைக் காப்பாற்ற வேண்டுமே! இடப்பக்கத்தில் வைத்து முழுப் பலத்தோடும் கடித்தேன்.

டக்.

உள்ளங்கையில் வெள்ளையாய் ஒரு துண்டு.

"ஐயோ, நிரப்பினது விழுந்திட்டுது!" என்று கத்திவிட்டேன். நாக்கு வாய் முழுக்க ஓடித் தேடியது. பட்ட இடமெல்லாம் குழியாகவே இருந்தது.

ரீச்சர் திரும்பி வந்தார். "நிரப்பினது எந்தப் பக்கம்?"

"வலம்."

"கடிச்சது?"

"இடம்... இடமெண்டுதான் நினைக்கிறன்."

"அப்ப உது உங்கடை சொந்தப் பல்லு."

பிறகு கேட்டார்: "உதுக்காகவே இவ்வளவு நேரமும் சாப்பிடேல்லை?"

சோதி அண்ணை உட்பட எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். முதலில் சிரித்தவர் தகப்பன்தான். "அம்மா, இவருக்கு ஒரு வாழைப்பழம் குடுங்கோ," என்றார் ரீச்சர். நான் முழுப் பழத்தையும் சாப்பிட்டேன். சம்பந்தம் அப்படித்தான் முடிவானது.

வலப்பக்கத்து நிரப்பல் ஒன்பது வருடமாக அசையவில்லை. இடப்பக்கத்தில் இருப்பது கட்டுப் பல்.

போன வருடம் மனைவியின் தங்கையைப் பார்க்கப் பண்டத்தரிப்பிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார். உத்தியோகம், சாதகம் ஒன்றும் விசாரிக்க முன், மாமனார் கேட்டார்:

"தம்பி, கிட்டடியிலை பல்லேதும் நிரப்பினனீரோ?"

மாப்பிள்ளை குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணியைப் பார்த்தேன்.