வெள்ளை வேட்டியும் நாலு டயரும்

விருத்தாசலத்தில் கார் வைத்திருப்பவர்கள் இரண்டே வகை. கிளேஸிடம் திட்டு வாங்கியவர்கள், இனிமேல் வாங்கப் போகிறவர்கள்.

கிளேஸ் என்பது பட்டப்பெயர். நிஜப் பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம். செராமிக் கம்பெனியில் ஊறுகாய் ஜாடிகளையும் ஃபியூஸ் கட்டைகளையும் பளபளப்புக் கரைசலில் முக்கி எடுத்துக்கொண்டிருந்தவர். அந்தக் கரைசலுக்குத்தான் கிளேஸ் என்று பெயர். பிறகு வேலையை விட்டுவிட்டு, ஜங்ஷன் ரோட்டில் தகர ஷெட் போட்டு கார் கழுவ ஆரம்பித்தார். பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது.

கார் கழுவுவது ஒரு சாக்கு. அவர் உயிர் டயர் பாலீஷில் இருந்தது. கரி மாதிரி கறுப்பு ஒட்டுகிற அந்த வேலைக்கு மனிதர் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வருவார். பாலீஷ் போட்டு, காயவிட்டு, துடைத்து முடித்ததும் டயரிலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்து ஒரு டீ குடிப்பார். எழுந்து பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார்.

"கறுப்பு இருக்குதா, நல்லா பாத்து சொல்லுங்க."

ஒரு புள்ளி இருந்தாலும் மறுபடி துடைப்பார். அந்த மனிதரின் பின்பக்கத்தை ஆராய்ந்த அளவுக்கு நான் வாழ்க்கையில் வேறு எதையும் ஆராய்ந்ததில்லை.

ஷெட்டில் மூன்று கேன்கள் இருக்கும். ஒன்று பால் மாதிரி தண்ணியாக இருப்பது. அதைப் போட்டால் டயர் அடக்கமாகக் கறுக்கும். இரண்டாவது கொழகொழவென்ற ஜெல், லேசாக மினுக்கும். மூன்றாவது எண்ணெய் மாதிரி, அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். எது வேண்டும் என்று நாம் சொல்லக் கூடாது. "எங்க போறீங்க?" என்று அவர் கேட்பார், நாம் பதில் சொல்ல வேண்டும்.

பக்கத்திலிருக்கும் நம் ஜில்லா மங்களூருக்குத் துக்கம் விசாரிக்கக் கிளம்பிய ஒருவர் மூன்றாவது கேனைக் காட்டிவிட்டார். கிளேஸ் கொதித்துப்போனார்.

"சாவு வூட்டு வாசல்ல போயி மினுக்கிக்கிட்டு நிப்பீங்களா? வண்டிக்கு வெக்கமா இருக்காதுங்களா?"

பால் தண்ணிதான் போட்டு அனுப்பினார். ஸ்பாஞ்சில் தொட்டுத்தான் தடவுவார், டயர் மேல் நேராகத் தெளிக்க மாட்டார். ரோட்டில் உருளும் பக்கத்தில் ஒரு சொட்டு படக் கூடாது. பிரேக் போட்டால் வழுக்குமாம். ஜாடிக்கும் அடிப்பக்கத்தில் கிளேஸைத் துடைத்துவிட்டுத்தான் சூளையில் வைப்பார்களாம், இல்லாவிட்டால் தட்டோடு ஒட்டிக்கொள்ளுமாம்.

ஷெட்டின் மூலையில் அவருடைய சொந்தக் கார் நிற்கும். என்னுடைய அதே மாடல். இஞ்சின் எப்போதோ செத்துப்போயிற்று, டயர்கள் மட்டும் போன தையில் வாங்கியவை. மூன்றில் மூன்று விதப் பாலீஷ், நாலாவது வெறும் டயர். "டெஸ்ட் பீஸு சார்" என்பார். புது டயரில் குட்டி முடி மாதிரி ரப்பர் நீட்டிக்கொண்டிருக்குமே, அதில் ஒன்றுகூட உதிராமல் காப்பாற்றி வைத்திருந்தார். யாராவது விரலை வைத்தால் தொலைந்தார்கள்.

சேத்தியாத்தோப்பில் என் மகளுக்கு வளைகாப்பு. முடித்து அவளை அழைத்து வர வேண்டும். சம்பந்தி அப்போதுதான் புதுக் கார், அதுவும் பெரிய கார், வாங்கியிருந்தார். என் வயிற்றெரிச்சலுக்கு மூன்றாவது கேன்தான் மருந்து என்று முதல் நாள் மதியம் ஷெட்டுக்குப் போனேன்.

கிளேஸ் பிரஷ் போட்டுத் தேய்த்தார். பழுப்பாக வந்த நுரை வெள்ளையாகிற வரைக்கும் தேய்த்தார். பழைய பாலீஷ் எல்லாம் போனதும் டயரின் பக்கவாட்டில் பொடிப்பொடியாக விரிசல். சாக்பீஸ் எடுத்து நாலு டயரிலும் பெருக்கல் குறி போட்டார்.

"ரிஜெக்ட்டு சார். விரிசல் வுட்ட பீஸுக்கு நான் கிளேஸ் போட மாட்டேன். கம்பெனியிலயே போட்டதில்ல."

"இது டயருங்க, ஜாடி இல்ல."

"ஜாடி ஒடஞ்சா ஊறுகா போவும். இதுல யாரு வராங்க?"

எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து, ஆன்லைனில் வாங்கி வைத்திருந்த ஸ்பிரேயை நானே டயர் முழுக்க அடித்தேன். பெருக்கல் குறி மறைந்தது, விரிசலும் மறைந்தது. "அந்த ஆளு சும்மா சொல்ல மாட்டாரு" என்றாள் மனைவி. ஒரு மணி நேரப் பயணத்துக்கு என்ன ஆகிவிடும் என்று அவள் வாயை அடைத்தேன்.

மறுநாள் காலை பட்டு வேட்டியோடு வாசலுக்கு வந்தால், தெருவில் என் கார் ஜாக்கி மேல் நிற்கிறது. லோடு ஆட்டோவில் தன் காரின் நாலு சக்கரங்களையும் கொண்டுவந்து கிளேஸ் மாட்டிக்கொண்டிருக்கிறார். என் மனைவி அவருக்கு டீ ஆற்றிக்கொண்டிருக்கிறாள். போன் போட்டது யார் என்று புரிந்துவிட்டது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா வேணாம்பீங்க. புள்ளத்தாச்சிப் பொண்ணு வர வண்டி சார். போயிட்டு வாங்க."

சேத்தியாத்தோப்பில் சம்பந்தி காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். "என்ன சம்பந்தி, நாலு டயரும் நாலு தினுசா இருக்குது?"

"இப்ப அதுதாங்க ஃபேஷன்."

அடுத்த வாரமே அவர் தன் புதுக் காருக்கும் அந்த ஃபேஷன் வேண்டும் என்று கிளேஸிடம் வந்து, திட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்.

வளைகாப்பு முடிந்து திரும்பும்போது மகள் பின் சீட்டில் கை நிறைய வளையலோடு தூங்கிவிட்டாள். ஒவ்வொரு பள்ளத்திலும் வளையல் குலுங்கியது, டயர் கம்மென்று உருண்டது. இவளையா அந்த விரிசல் டயரில் ஏற்றப் பார்த்தோம் என்று வண்டியின் வேகத்தைக் குறைத்தேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

புது டயர் வாங்கி மாட்டிக்கொண்டு, அவர் சக்கரங்களைத் திருப்பிக் கொடுத்தேன். கிளேஸ் நாலையும் தடவிப் பார்த்தார். ரப்பர் முடி ஒன்றுகூட மிச்சமில்லை. திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"பொண்ணு நல்லா இருக்குதா சார்?" என்றார், அவ்வளவுதான்.

போன வாரம் என் பேத்தி முதல்முதலாக எழுந்து நின்றாள். வாசலில் நின்ற காரின் டயரைப் பிடித்துக்கொண்டு, முதுகைச் சாய்த்து, வெள்ளைக் கவுனோடு நின்றாள். கிளேஸ் பாலீஷ் போட்டு முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை.

அந்தக் கவுனைத் துவைக்கப் போடாமல் ஷெட்டுக்கு எடுத்துப் போனேன். கிளேஸ் கையைக் கழுவி, வேட்டியில் துடைத்து, கவுனை வெளிச்சத்தில் விரித்து முன்னும் பின்னும் பார்த்தார். ஒரு புள்ளி கறுப்புகூட இல்லை.

"பாஸு சார்" என்றார்.

அந்த மனிதரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கிளம்பும் அவசரத்தில் என் சட்டை விளிம்பில் சிந்திய காபியின் ஈரம் அவர் வேட்டிக்குப் போனது. அன்றைக்கும் அவர் திட்டவில்லை.